வேப்பம்பூக் காலத்து விருந்தாளிகள்

சென்னையில் வசந்தம் வந்துவிட்டது என்பதை முதலில் தெரிந்து கொள்கிறவர்கள் கவிகள் அல்ல, வாசல் பெருக்குகிறவர்கள்தான். மாசி பிறந்ததும் வேம்பும் புங்கனும் போட்டி போட்டுக் கொண்டு இலையைக் கொட்டுகின்றன. காலையில் பெருக்கிவிட்டு நிமிர்ந்தால் மத்தியானத்துக்குள் மறுபடியும் ஒரு கூடை. "இந்த மரத்தை வெட்டித் தொலைத்தால் என்ன?" என்று கூட ஒரு நிமிஷம் தோன்றும். தோன்றட்டும், கத்தியை மட்டும் எடுக்காதீர்கள். பங்குனியில் அதே புங்க மரம் எண்ணெய் தடவினாற்போல் பளபளவென்று தளிர்த்து நிற்கும். வேம்பு செந்தளிர் விட்டு, சித்திரை பிறப்பதற்குள் வாசல் முழுவதும் வெள்ளைப் பூவாகக் கொட்டிவிடும். அந்தப் பூவுக்காக மரத்தடியில் பழைய வேஷ்டியை விரித்து வைத்துக் காத்திருக்கிறவர்களும் நாம்தானே? வருஷப் பிறப்புப் பச்சடிக்குக் கடையில் வாங்கின வேப்பம்பூவைப் போடுவது எனக்கு என்னவோ சம்மதமே இல்லை.

மல்லிகையும் இப்போதுதான் மொட்டு வைக்கிறது. கார்த்திகையில் யார் மனத்தைக் கல்லாக்கிக் கொண்டு செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார்களோ அவர்கள் வீட்டில் இப்போது படி கணக்கில் பூ. "ஐயோ, பச்சைச் செடியாயிற்றே!" என்று பாவம் பார்த்து விட்டவர்கள் வீட்டில் இலைதான். இந்த வருஷம் கார்த்திகைக்கு மறக்காமல் வெட்டுங்கள்.

"எங்களுக்குத் தோட்டம் ஏது? மூன்றாம் மாடியில் நாலு தொட்டி!" என்கிறீர்களா? இன்று பட்டணத்தில் பெரும்பாலோர் கதை அதுதான். ஆனால் நான் சொல்லப் போகிற விருந்தாளிகள் பட்டா, பத்திரம் பார்த்து வருகிறவர்கள் அல்ல. நாலு தொட்டியில் ஒன்று கறிவேப்பிலையாகவும் ஒன்று செம்பருத்தியாகவும் இருந்துவிட்டால் அவர்களுக்குப் போதும்.

முதல் விருந்தாளி விடியற்காலை நாலரை மணிக்கே கூப்பிடுகிறது. குயிலைப் பற்றி நாம் பாட்டிலும் கதையிலும் படித்ததில் பாதி தலைகீழ். 'குயில் போலக் குரல்' என்று பெண்களைத்தான் புகழ்கிறோம், கூவுவதோ ஆண். கறுத்த உடம்பும் ரத்தச் சிவப்புக் கண்ணுமாக இலை மறைவில் உட்கார்ந்து, ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக் கொண்டே போகிறவர் அவர்தான். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதற்கு வாய்த்தது 'கிக்-கிக்' என்ற சண்டைக் குரல். வீட்டுக் காரியமும் அதற்குத் தெரியாது. காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. குயில் முட்டை காக்கை முட்டையைவிடச் சிறியது; சில நாள் முந்தியே பொரிந்து விடுகிறது. வேறு சில குயில் ஜாதிகளின் குஞ்சுகள் வளர்க்கிற வீட்டுக் குஞ்சையே வெளியே தள்ளிவிடும். நம் ஊர்க் குயில் பெரும்பாலும் அந்த மட்டுக்கும் போவதில்லை. இரண்டு ஜாதிக் குஞ்சும் ஒரே கூட்டில் வளர்வதும் உண்டு.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நாம் சாப்பிடுவதற்கு முன் காக்கைக்குச் சோறு வைக்கிறோம் அல்லவா? அந்தக் காக்கை அலகில் எடுத்துக் கொண்டு பறக்கிற பருக்கையில் கொஞ்சமாவது குயில் குஞ்சின் வயிற்றுக்குப் போகும். அடுத்த வருஷம் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கப் போகிற சங்கீத வித்வானுக்கு நீங்கள்தான் சோறு போட்டு வளர்த்தீர்கள்!

இரண்டாவது விருந்தாளிதான் முக்கியமானது. தேன்சிட்டு. கட்டை விரல் அளவு. ஆண் வெயிலில் பட்டால் ஊதாவும் பச்சையும் செம்மையுமாக மின்னும். பெண் முதுகில் மங்கல் பச்சை, வயிற்றில் மஞ்சள். மரம் இருக்க, கொடி இருக்க, இது கூடு கட்டத் தேர்ந்தெடுப்பது சில சமயம் நம் வீட்டுத் தாழ்வாரத்தைத்தான். துணி உலர்த்துகிற கொடி, விளக்குத் தொங்குகிற ஒயர், மணிபிளான்ட் கொடியின் நுனி – எங்கே ஆடிக் கொண்டே இருக்குமோ அங்கே. ஆட்டத்தில் பாம்பும் பூனையும் எட்டாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் சிலந்தி நூலால் ஒட்டி, சுருக்குப் பை மாதிரி ஒன்றைத் தொங்கவிடுகிறது. வாசலுக்கு மேலே மழை படாமல் ஒரு சின்னத் தாழ்வாரம் வேறு! கட்டுவது முழுவதும் பெண். ஆண் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் உங்கள் வீட்டு ஈஸிசேரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.)

சிலந்தி நூல் இல்லாவிட்டால் இந்தக் கூடு நிற்காது. ஆகையால் உள்ளே ஒட்டடை அடியுங்கள். வெளிச்சுவரின் மூலையில் இருக்கிறதை மட்டும் பங்குனி, சித்திரை இரண்டு மாதம் விட்டு வையுங்கள். யாராவது வந்து விரலால் சுட்டிக் காட்டினால், "அது சிமெண்டு, வீடு கட்ட வைத்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு மேற்கு மாம்பலத்தில். வைகாசியில் பெண்ணுக்குக் கல்யாணம். பங்குனிக் கடைசியில் வீட்டுக்கு வர்ணம் அடிக்க ஆளை வைத்தார்கள். முன் தாழ்வாரத்து விளக்கின் ஒயரில் தேன்சிட்டுக் கூடு! கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட்டை மெள்ள எடுத்துக் கொய்யா மரத்தில் கட்டிவிடலாமா என்று யோசித்தாள். அப்படிச் செய்தால் தாய்ப் பறவை பெரும்பாலும் கைவிட்டுவிடும். அந்த அம்மாளுக்கு அது தெரியாது. ஆனால் ஏணி மேல் ஏறி எட்டிப் பார்த்த வர்ணக்காரருக்குத் தெரிந்திருந்தது. "உள்ளே இரண்டு முட்டை இருக்கும்மா. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டை நான் கலைக்க மாட்டேன்" என்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் அடைகாக்க, அதற்கு மேல் இரண்டு வாரமும் சில நாளும் குஞ்சு வளர. ஐந்து வாரம் கணக்குப் போட்டால் கல்யாணத்துக்கு முதல் நாள் வரை இழுக்கும் போலிருந்தது. வீட்டுக்காரர் கோபித்துக் கொண்டார். கல்யாண வீட்டு வாசலில் கூரை பாதி வெள்ளை, பாதி அழுக்காக இருந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? அந்த வீட்டுப் பாட்டி ஒரே வார்த்தையில் முடித்தாள்: "நம் வீட்டில் ஒரு பெண் புறப்படப் போகிறாள். அந்தச் சமயத்தில் இன்னொருத்தி வீட்டைப் பிரிக்கிறதாவது!" அதோடு சரி. தாழ்வாரத்து விளக்கை ஐந்து வாரம் யாரும் போடவில்லை. சீரியல் விளக்கு கொல்லைப் பக்கம் திரும்பியது.

முடிவு முழுச் சந்தோஷமாக இல்லை. பொரிந்த இரண்டு குஞ்சில் ஒன்றைக் காக்கை கொண்டு போயிற்று. மற்றது கல்யாணத்துக்கு நாலு நாள் முந்திப் பறந்தது. வர்ணக்காரருக்கு அந்த நாலு நாள் போதவில்லை. வேறு வேலை ஒப்புக் கொண்டிருந்தார். பந்தலுக்குள் நுழைந்ததும் சம்பந்தியம்மாள் அண்ணாந்து பார்த்தது அந்தப் பழைய கூரையைத்தான். விஷயத்தைச் சொன்னார்கள். அவள் ஒரு நாற்காலி கேட்டு, பட்டுப் புடைவையோடு ஏறி, காலிக் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாளாம்.

காக்கையை நான் குற்றம் சொல்லவில்லை. அதற்கும் குஞ்சு இருக்கிறது. ஆனால் பூனை வேறு விஷயம், ஏனென்றால் அதற்குச் சோறு போடுகிறவர்கள் நாம். வயிறு நிறையப் பாலும் மீனும் சாப்பிட்ட பூனையும் பறவையைப் பிடிக்கும். பசிக்காக அல்ல, பழக்கத்துக்காக. பூனை வளர்க்கிறவர்கள் சித்திரை முடிகிற மட்டும் விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் அதை வீட்டுக்குள் வைத்திருந்தாலே பாதிக் குஞ்சுகள் பிழைக்கும். பறக்கப் பழகுகிற குஞ்சுகள் தரைக்கு வருகிற நேரம் அது. கழுத்தில் மணி கட்டலாம். வளர்ந்த பறவைக்கு அது எச்சரிக்கை, பறக்கத் தெரியாத குஞ்சுக்கு மணி கேட்டு என்ன லாபம்? கர்ப்பத் தடை ஆபரேஷன் செய்துவிடுவது எல்லாவற்றிலும் உத்தமம். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று என்று பெருகுகிற பூனைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டு போய் மார்க்கெட்டில் விடுகிற பாவமும் மிச்சம்.

கீழே விழுந்த குஞ்சைப் பற்றி இரண்டு வார்த்தை. "மனிதக் கை பட்டால் தாய் சேர்த்துக் கொள்ளாது" என்று சொல்வார்கள். அது சரியல்ல, பறவைகள் குஞ்சை மோப்பம் பிடித்து ஒதுக்குவதில்லை. இறகு முளைக்காத செங்குஞ்சாக இருந்தால் எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். கூடே விழுந்துவிட்டதானால் கொட்டாங்கச்சியில் நார் பரப்பி, குஞ்சை வைத்து, பழைய இடத்துக்குப் பக்கத்தில் கட்டுங்கள். இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகிறதென்றால் அது பள்ளிக்கூடம் போகிற குஞ்சு. தாய் பக்கத்துக் கிளையில்தான் இருக்கும். அதைப் பிடிக்காதீர்கள், பூனையைப் பிடியுங்கள். எந்தக் குஞ்சாக இருந்தாலும் சரி, வாயைத் திறந்து பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாய்க்குள் போய் அந்த நிமிஷமே செத்துவிடும். இரக்கத்தினால் இறந்த குஞ்சுகள் ஏராளம்.

அணிலைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக் கொள்ளும். தேங்காய் நார் கால்மிதியை வாசலில் போட்டால் நாலே நாளில் ஒரு மூலை காணாமல் போகிறதா? ஏ.ஸி. இயந்திரத்தின் பின்னால் பாருங்கள்; கால்மிதி, பழைய மெத்தைப் பஞ்சு, உங்கள் ரிப்பன் எல்லாம் சேர்ந்து ஒரு பிரசவ அறை. வெயிலுக்கு முன்னால் ஏ.ஸி. பழுது பார்க்க ஆள் வரும்போது, முதலில் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள். நம் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. வட தேசத்து அணிலுக்கு ஐந்து. ராமர் அங்கே ஐந்து விரலாலும் தடவிக் கொடுத்தாரோ, சேதுவுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு விரல் களைத்துவிட்டனவோ, தெரியவில்லை.

இனி அந்தக் கறிவேப்பிலைத் தொட்டி. சாம்பாருக்கு ஓர் ஈர்க்குப் பறிக்கப் போனால் இலையில் காக்கை எச்சம் மாதிரி ஏதோ ஒன்று. அருவருத்து உதறாதீர்கள், எச்சம் மாதிரி இருப்பதே அதன் வேஷம். எலுமிச்சை, கறிவேப்பிலை இவற்றில் வாழ்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர வளர அந்த வேஷத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு இலைப் பச்சைக்கு மாறுகிறது. குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீட்டி, ஒரு வாசனையை வீசும். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், சினிமாவைவிட நன்றாயிருக்கும். செடியிலிருந்து இரண்டு புழுவுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, மற்றவற்றை வேறு எலுமிச்சைச் செடிக்குக் கடத்திவிடலாம். கூட்டுப்புழு ஆனபின் ஏறக்குறைய பத்து நாளில், ஒரு காலை வேளையில், கறுப்புப் பட்டுப் புடைவை ஒன்று இலையில் உலர்ந்து கொண்டிருக்கும்.

அந்தக் கறுப்பு ஜாதியின் பெண்களில் ஒரு சாரார் மகா கெட்டிக்காரிகள். விஷமுள்ள இன்னொரு வண்ணத்துப்பூச்சியைப் போலச் சிவப்புப் புள்ளி வைத்து உடுத்திக் கொள்கிறார்கள். பறவைகள் பயந்து விட்டுவிடுகின்றன. 2019-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் மாநில வண்ணத்துப்பூச்சியாக 'தமிழ் மறவ'னை அறிவித்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலைவாசி. நம் தொட்டிக்கு வராது. வராவிட்டால் என்ன, கறிவேப்பிலைக்காரி போதும்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வருகிறதென்று கடையில் விற்கிற கடும் மருந்தை அடித்தால் இத்தனை பேரும் போய்விடுவார்கள். தேன்சிட்டு தேன் குடிக்கிற பறவைதான். ஆனால் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும். பூச்சி செத்தால் குஞ்சும் பட்டினி. தண்ணீரில் வேப்பெண்ணெயும் துளி சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளித்துப் பாருங்கள். பலன் மெள்ளத்தான் தெரியும்.

இந்த மாதிரிச் சில்லறை உயிர்களைப் பற்றி எழுதுவது அற்பம் என்று நினைக்கிறவர்களுக்கு மா. கிருஷ்ணனை ஞாபகப்படுத்துகிறேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் பிள்ளை, சென்னைவாசி. 1950-லிருந்து 1996-ல் காலமாகும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதி வந்தார். காட்டு யானையை ஆராய்ந்த அதே அக்கறையோடு வீட்டுக் கொல்லைக்கு வருகிற பறவையையும் அணிலையும் கவனித்தவர். தமிழிலும் எழுதியிருக்கிறார், தேடிப் படிக்கலாம்.

தண்ணீர் வைப்பது பெரிய வித்தையல்ல. ஆனால் பிளாஸ்டிக் டப்பாவில் வழிய வழிய ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்தால் பதினொரு மணிக்கு அது வெந்நீர். மண் தட்டு, இரண்டு விரல் ஆழம், நடுவில் ஒரு கல். நிழலில், பூனை பதுங்கப் புதர் இல்லாத இடத்தில். தினமும் கொட்டிக் கழுவி ஊற்ற வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் விட்டீர்களானால் பறவைக்குப் பதில் கொசு வளர்த்தவர்கள் ஆவீர்கள். மே 4 வாக்கில் கத்திரி ஆரம்பித்துவிட்டால் காலை, மாலை இரண்டு தடவை.

வீட்டுப் பையன் "கிளி வேணும்" என்று அழுகிறான் என்று ஒரு சகோதரி சொன்னார். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலை மைனாவும் நட்சத்திர ஆமையும் அப்படியே. சட்டம் கிடக்கட்டும், அந்தக் கிளி எப்படிச் சந்தைக்கு வருகிறதென்று பையனிடம் சொல்லலாம். மரப் பொந்தில் கையை விட்டுக் கண் திறக்காத குஞ்சுகளை எடுத்து, பையில் திணித்துக் கொண்டு வருகிறார்கள். வழியில் செத்தவை போக மிச்சம்தான் கூண்டில். 'அக்கா, அக்கா' என்று அது கூப்பிடுகிற குரலில் நமக்கு இனிப்பாகப் படுவது வேறு யாரும் அதற்குப் பேசக் கிடைக்காததால் வந்தது. ஏற்கெனவே பல வருஷமாக வீட்டில் இருக்கிற கிளியைத் திடீரென்று ஜன்னலைத் திறந்து விட்டுவிடுவதும் தர்மமல்ல. பறக்கும் சக்தியும் இரை தேடும் பழக்கமும் போயிருக்கும். வனத்துறையாரிடம் ஒப்படைப்பதே முறை. பையனைக் கிண்டிப் பக்கம் அழைத்துப் போங்கள். 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு, ஊருக்கு நடுவில் இருக்கிறது. அந்தி சாய்கிற நேரத்தில் கிளிக் கூட்டம் கத்திக் கொண்டு போவதை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தால் கூண்டுக் கிளி அவனுக்கே பிடிக்காமல் போகலாம்.

வீட்டு நாய்க்கு இது வசந்தமல்ல, சோதனைக் காலம். நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்கிற பாக்கியம் அதற்கு இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக் கொள்ள வேண்டும். அதிலும் மூக்குச் சப்பையான வெளிநாட்டு ஜாதிகள் படுகிற பாடு சொல்லி முடியாது. குளிர் தேசத்து நாயை இந்த ஊருக்கு வாங்கி வந்து ஏ.ஸி. போட்டு வளர்க்கிற மோகத்தை நான் ஒப்புக் கொள்ளவில்லை. நம் நாட்டு நாய்க்குட்டிகள் தெருவில் அனாதையாகக் கிடக்கும்போது அது எதற்கு? காரில் பூட்டிவிட்டு "ஐந்து நிமிஷம்" என்று கடைக்குள் போகவே கூடாது. வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி வருஷம் தவறக் கூடாது. வாசலில் இருக்கிற அரளி, பொன்னரளி இரண்டும் இலை முதல் விதை வரை விஷம். குட்டிகள் எதையும் கடித்துப் பார்க்கும், அந்தப் பக்கம் விடாதீர்கள். வருஷப் பிறப்பு விருந்தில் மிஞ்சின பாயசத்தை ஆசையாக அதன் தட்டில் ஊற்றுகிறவர்கள், மிதக்கிற திராட்சையைக் கவனிக்க வேண்டும். திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வெங்காயமும் சாக்லேட்டும் ஆகாது.

நடைக்கு அழைத்துப் போகிற நேரத்தையும் மாற்றுங்கள். மாலை ஐந்து மணிக்கு நமக்குக் காற்று வருகிறது, செருப்பும் இருக்கிறது. தார் ரோடு அப்போதும் தோசைக் கல்தான். புறங்கையைத் தரையில் வைத்து, ஏழு எண்ணுகிற வரை தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கவில்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துப் புறப்படுங்கள்.